ஐந்து முறை போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் என்னோடு இருக்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆயிற்று. அதிலிருந்து பெரும்பாலும் படுக்கைதான். வலிக்கு டிரமடால், அத்துடன் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுத்துக்கொள்கிறார். பத்து நாளாகத் தண்ணீர் போல ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போகிறது. அவருக்குத் தெரியாமலே புடவையில் கசிகிறது. பேதி என்று நினைத்து, மருந்துக் கடையில் கேட்டுப் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். வயிறு உப்பிச் சாப்பாடே இறங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், "இது மலச்சிக்கல், எனிமா கொடுக்க வேண்டும்" என்றார். பேதி போகிறவருக்கு எனிமாவா என்று பயந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இரண்டாவது, என்னைப் பற்றி. வயது 44, அரசுப் பள்ளி ஆசிரியை. ஒரு வருடமாகத் தினமும் போனாலும் அரை மணி நேரம் முக்க வேண்டியிருக்கிறது. எழுந்து வந்த பிறகும் சுத்தமாகப் போன திருப்தி இல்லை. சில நாள் ரத்தம் தெரிகிறது, மூலம் என்று விட்டுவிட்டேன். நான் காட்டிய மருத்துவர், "தினமும் போகிறதே, மலச்சிக்கல் இல்லை, கேஸ்தான்" என்று மாத்திரை எழுதினார். மலச்சிக்கல் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் உங்கள் அம்மாவைப் பற்றி. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் சொன்னது சரி என்றே உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்கள் காட்டுகின்றன. பேதியை நிறுத்தும் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், அம்மாவை நாளைக்குள் அதே மருத்துவரிடம் திரும்ப அழைத்துச் செல்லுங்கள். வாந்தி வந்தாலோ, காற்றுக்கூடப் பிரியாமல் வயிறு கல்லாக இறுகினாலோ, கடுமையான வலியோ காய்ச்சலோ வந்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம், இரவானாலும் உடனே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.

பேதி போகிறவருக்கு எப்படி மலச்சிக்கல் என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. காவிரிப் பாசனத்தில் இருக்கும் உங்களுக்கு வாய்க்காலை வைத்துச் சொன்னால் புரியும். மதகில் ஆகாயத் தாமரையும் சேறும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. அடைப்பின் ஓரத்தில் இருக்கும் இடுக்குகள் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், கீழ்ப்பக்கம் நின்று பார்ப்பவருக்கு வாய்க்கால் ஓடுவதாகவே தோன்றும். மலக்குடலில் பல நாள் தேங்கிய மலம் நீர் வற்றி உருண்டையாக இறுகிப் போகும்போது, மேலே இருந்து வரும் இளகிய மலம் அதன் பக்கவாட்டில் வழிந்து வெளியேறுகிறது. அந்த உருண்டை மலக்குடலை விரித்தே வைத்திருப்பதால் ஆசனவாய்த் தசையும் உணர்வும் தளர்ந்து, நோயாளிக்குத் தெரியாமலே உடையில் கசிகிறது. அதனால்தான், படுக்கையில் இருக்கும் முதியவருக்குப் புதிதாகப் 'பேதி' தொடங்கினால், பேதி மருந்தை எழுதுமுன் மலம் இறுகி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது மருத்துவரின் கடமை. நீங்கள் கொடுத்த மாத்திரை குடலின் அசைவை இன்னும் குறைத்து அடைப்பை இறுக்கியிருக்கும். இதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம், இதே தவறை மருத்துவர்களும் செய்கிறோம்.

நானே செய்திருக்கிறேன். படிப்பு முடித்துச் சிற்றூர் ஒன்றில் வேலை பார்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, எண்பது வயதுப் பெரியவர் ஒருவரை இரவில் தூக்கி வந்தார்கள். முந்தின நாள் வரை தெளிவாகப் பேசியவர், பேத்தியைப் பார்த்து யார் என்று கேட்கிறார். சிறுநீர் போகாமல் அடிவயிறு வீங்கியிருக்கிறது. குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தேன், சர்க்கரை பார்த்தேன், உப்புச் சத்துகளைச் சோதிக்க ரத்தம் எடுத்தேன், புராஸ்டேட் வீக்கம் என்று எழுதி வைத்தேன். மறுநாள் காலையில் துணி மாற்றிய மூத்த செவிலியர் வந்து, "டாக்டர், தாத்தாவுக்கு உள்ளே கல்லு மாதிரி அடைச்சிருக்கு, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. கையுறை போட்டு விரலை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இறுகிய மலம் சிறுநீர்ப் பாதையை அழுத்தி அடைக்கும் என்பதும், வயதானவர்களுக்குத் திடீர் மனக்குழப்பத்தைக்கூட உண்டாக்கும் என்பதும் பாடத்தில் படித்தவைதான். அடைப்பை எடுத்த இரண்டாம் நாள் அவர் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்றிலிருந்து, முதியவர் ஒருவர் சாப்பிடவில்லை, பிதற்றுகிறார், சிறுநீர் போகவில்லை என்று வந்தால் மலக்குடலைச் சோதிக்காமல் நான் அனுப்புவதில்லை.

அம்மாவுக்கு இது வந்ததற்கான காரணம் அவருடைய மருந்துப் பையிலேயே இருக்கிறது. டிரமடால் அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. மூளையில் மருந்து பற்றிக்கொண்டு வலியைத் தணிக்கும் அதே வகை ஏற்பிகள் குடல் சுவரிலும் இருப்பதால், இம்மருந்து குடலின் அசைவைத் தளர்த்தி, மலம் கூடுதல் நேரம் உள்ளே கிடக்கும்படி செய்கிறது. கிடக்கும் மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. இம்மருந்துகளால் வரும் குமட்டலும் தூக்கமும் சில நாட்களில் உடலுக்குப் பழகிவிடும், ஆனால் மலச்சிக்கல் பழகுவதில்லை. மருந்து தொடரும் வரை அதுவும் தொடரும். ஆகவே அபின் வகை வலி மருந்தை எழுதும்போதே மலமிளக்கியையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் இரும்புச்சத்து, கால்சியம், அம்லோடிபின் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாக மலத்தை இறுக்கக்கூடியது. இவற்றோடு படுக்கை, குறைந்த உணவு, பிறர் துணையில்லாமல் எழ முடியாததால் உந்துதல் வந்தும் அடக்கிக்கொள்ளும் கூச்சம். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, எதைக் குறைக்கலாம், எதை மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எனிமாவுக்குப் பயப்பட வேண்டாம். கீழே இருக்கும் அடைப்பை எனிமாவாலோ, தேவைப்பட்டால் கையாலோ முதலில் எடுத்துவிட்டு, பிறகு பாலிஎதிலீன் கிளைகால் போன்ற, குடலுக்குள் நீரைத் தக்கவைக்கும் மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதே வழி. வீட்டில் யாராவது இசப்கோல் கொடுக்கச் சொன்னால் இப்போது கேட்காதீர்கள். அடைப்பு இருக்கும்போது, அதிலும் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் முதியவருக்கு, அது உள்ளேயே ஊறிப் பருத்து அடைப்பைப் பெரிதாக்கிவிடும். படுத்திருப்பவருக்கு வாய் வழியாக எண்ணெய் வகைகளைப் புகட்டுவதும் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மலச்சிக்கல் என்ற சொல்லை நோயாளி ஒரு பொருளிலும் மருத்துவர் இன்னொரு பொருளிலும் பயன்படுத்துவதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது என்பதையே மருத்துவர் முதலில் கேட்கிறார், பல நேரம் அதோடு நிறுத்தியும் விடுகிறார். நோயாளியோ அந்தச் சொல்லையே சொல்வதில்லை. "மோஷன் சரியாப் போகல", "வெளிக்குப் போனா திருப்தியா இல்ல", "வயிறு ஒரே உப்புசமா இருக்கு", "கேஸ் ட்ரபிள்", "பசியே எடுக்கல" என்று வெவ்வேறு வாசல்கள் வழியாக வருகிறார். இன்னும் சிலர் மூலம் என்றோ ஆசனவாய் வெடிப்பு என்றோ மட்டும் சொல்லி, அதற்குக் காரணமான முக்கலைச் சொல்லாமலே களிம்பு வாங்கிச் செல்கிறார்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டில் கூடுதலான காரணம் உண்டு. ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை போவது இயல்பு என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு. ஆனால் காய்கறி, பருப்பு, தானியம் மிகுதியாகச் சாப்பிடும் நம் மக்களில் பெரும்பாலோர் தினமும் ஒருமுறையோ இருமுறையோ போகிறவர்கள். அவர்களில் ஒருவருக்கு மலச்சிக்கல் வந்தாலும் வாரத்துக்கு மூன்றுக்குக் கீழே எண்ணிக்கை இறங்காமலே இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் கேட்கும் மருத்துவர் உங்களைப் போன்றவர்களைத் தவறவிடுவது இப்படித்தான்.

2016இல் வெளிவந்த ரோம் நான்காம் வரையறை என்ற ஒன்றைக் குடல்நோய் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். அதில் உள்ள ஆறு அடையாளங்களில் எண்ணிக்கை ஒன்றே ஒன்றுதான், வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவு என்பது. மற்ற ஐந்தும் போகும் விதத்தைப் பற்றியவை: முக்க வேண்டியிருத்தல், மலம் கட்டியாகவோ கடினமாகவோ இருத்தல், முழுதாகப் போகாத உணர்வு, ஆசனவாயில் ஏதோ தடுப்பதாகத் தோன்றுதல், விரலால் எடுப்பது அல்லது கையால் அழுத்திக் கொடுப்பது போன்ற உதவி தேவைப்படுதல். போகும் தடவைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இப்படி இருந்தால் அது கணக்கில் சேரும். ஆறில் இரண்டு இருந்து, கடந்த மூன்று மாதங்களாக நீடித்து, தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருந்தால், மலமிளக்கி எடுக்காமல் இளகிப் போவது அரிதாகவும் இருந்தால், வேறு நோய் எதுவும் காரணம் இல்லாத நிலையில் அதை இயக்கக் குறைபாட்டு மலச்சிக்கல் என்கிறோம். வயிற்று வலியே முதன்மையான தொல்லையாக இருந்து, மலம் கழிப்பதை ஒட்டி அது கூடியும் குறைந்தும் வந்தால், எரிச்சல் குடல் நோயைப் பற்றி யோசிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் முக்கலும் முழுதாகப் போகாத உணர்வும் ஓராண்டாக இருக்கின்றன. தினமும் போனாலும் உங்களுக்கு இருப்பது மலச்சிக்கல்தான் என்றே கருத வேண்டியிருக்கிறது. ரத்தம் வருவதற்கு வேறு காரணம் இல்லை என்பதை உறுதி செய்த பிறகே அதற்கு இறுதிப் பெயர் வைக்கலாம்.

மலத்தின் உருவத்தையும் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் 1997இல் ஏழு வகைகளாகப் பிரித்து வெளியிட்ட படவரிசை ஒன்று உண்டு, அதை என் மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறேன். வாயால் சொல்லக் கூசுகிறவர்கள் விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்கள். முதல் வகை ஆட்டுப் புழுக்கை போலத் தனித்தனி உருண்டைகள். இரண்டாவது, அந்த உருண்டைகள் ஒட்டிய முரட்டுக் கட்டை. இவை இரண்டும் மலம் குடலில் நெடுநேரம் கிடந்து வருவதைக் காட்டுகின்றன. மூன்றாவதும் நான்காவதும் இயல்பானவை, நான்காவது பழுத்த வாழைப்பழம் போல வழவழப்பாக இருக்கும். அதற்கு மேல் இளகி இளகி, ஏழாவதில் வெறும் நீர். உருவம் நான்காவதாக இருந்தும் ஒருவர் அரை மணி நேரம் முக்குகிறார் என்றால், பழுது பெரும்பாலும் குடலின் வேகத்தில் இருக்காது, வெளியேறும் வாயிலில் இருக்கும். அதனால்தான் உங்கள் மலத்தின் உருவத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கடிதத்தில் அது இல்லை.

வெளியேறும் வாயிலில் பழுது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். மலம் கழிக்க வயிறு அழுத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் ஆசனவாயைச் சுற்றியுள்ள தசைகள் தளர வேண்டும். சிலருக்கு முக்கும்போது அவை தளராமல் இன்னும் இறுகுகின்றன. கதவைத் தள்ளிக்கொண்டே தாழ்ப்பாளையும் போடுவது போன்ற நிலை. பிரசவங்களுக்குப் பிறகு சில பெண்களுக்கு மலக்குடலின் முன்சுவர் பிறப்புறுப்பின் பக்கமாகப் பிதுங்கி, மலம் அந்தப் பையில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அவர்கள் பிறப்புறுப்பின் பின்சுவரையோ அதன் அருகிலோ விரலால் அழுத்தினால்தான் போகும், இதை ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். உங்களுக்கு அப்படி இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும்.

இங்கேதான் மலக்குடல் பரிசோதனை வருகிறது. இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்லி, கையுறையிட்ட விரலில் வழுக்கு மருந்து தடவிச் செய்யும் இந்தச் சோதனைக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகும். வெடிப்பு, மூலம், ரத்தம், கட்டி, இறுகிய மலம் ஆகியவை தெரியும். பிறகு, மலம் கழிப்பதைப் போல முக்கச் சொல்வோம். அப்போது தசை விரலைச் சுற்றித் தளர்கிறதா, நெரிக்கிறதா என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு சொல்லும் ஒரு சோதனை கூட்டமான புறநோயாளர் அறைகளில் விடுபட்டுப் போவது எனக்குத் தீராத வருத்தம். திரை இல்லை, பெண் உதவியாளர் இல்லை, வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள் என்பவை உண்மையான தடைகளே என்றாலும், அதனால் இழப்பு நோயாளிக்குத்தான். நீங்களே கேட்கலாம்: "பெண் உதவியாளர் இருக்கும்போது பரிசோதித்துப் பார்க்க முடியுமா?" என்று. பெண் மருத்துவரிடம் போக விரும்புவதும் உங்கள் உரிமை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: விரலுக்கு எட்டும் இடம் காலியாக இருந்தால் மேலே அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு அப்போதுதான் வயிற்று எக்ஸ்ரே உதவுகிறது. மற்றபடி மலச்சிக்கல் என்று வரும் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுப்பதில் பயன் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரி, "மூலம் என்று விட்டுவிட்டேன்" என்பது. அது மூலமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆனால் யாரும் கண்ணால் பார்க்காத மூலத்தை மூலம் என்று சொல்லக் கூடாது. ரத்தம் மலத்தின் மேல் சொட்டுகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா என்று கவனியுங்கள். எடை தானாகக் குறைகிறதா, மலம் பென்சில் போல மெலிந்தே வருகிறதா, வயிற்றில் கட்டி தட்டுப்படுகிறதா, ரத்த சோகை இருக்கிறதா, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்ததா என்பவற்றை மருத்துவர் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது 50 வயதுக்கு மேல் ஒருவருக்கு மலம் போகும் வழக்கம் புதிதாக மாறினாலும், பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையை (கொலனோஸ்கோபி)த் தள்ளிப்போடக் கூடாது. அபாய அடையாளம் எதுவும் இல்லாதவருக்கு அந்தச் சோதனை எடுத்த எடுப்பில் தேவையில்லை. உங்களுக்கு ரத்தம் தெரிவதால், ஆசனவாயை நேரில் பார்த்த பிறகு அது தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ரத்தப் பரிசோதனையில் முழு ரத்த அணுக்கள், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, கால்சியம் ஆகியவை போதும். மலச்சிக்கலோடு உடல் பருத்து, குளிர் தாங்காமல், தோல் வறண்டு, முடி கொட்டும் பெண்ணுக்குத் தைராய்டு குறைவு இருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நீண்டநாள் சர்க்கரை நோயிலும் குடல் நரம்புகள் பாதிக்கப்படும். பார்க்கின்சன் நோயில் கை நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மலச்சிக்கல் தொடங்கிவிடலாம். அம்மாவின் மலம் இரும்புச்சத்து மாத்திரையால் கறுத்திருக்கும், அது இயல்பு; தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு கறுத்தால் மட்டும் அது மேல் குடலில் ரத்தம் கசிவதன் அடையாளம்.

உங்கள் வேலையைப் பற்றியும் கேட்க வேண்டும். ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலைச் சிற்றுண்டியை நின்றபடி முடித்துவிட்டு ஓடுகிறவரா நீங்கள்? சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசைவு எடுப்பது இயற்கையான அனிச்சைச் செயல், காலையில் அது வலுவாக இருக்கும். அந்த அரை மணி நேரம் பேருந்திலும், பிறகு கழிப்பறைக்குக் கதவில்லாத பள்ளியிலும் கழிந்தால், உந்துதல் வந்து வந்து அடங்கிவிடும். அடக்கி அடக்கி மலக்குடல் அந்த உணர்வையே மறந்துவிடுகிற ஆசிரியைகளையும் மாணவிகளையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரை மணி முன்னதாக எழுந்து, சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் உட்காருங்கள், அதற்கு மேல் முக்கிக்கொண்டு இருக்காதீர்கள். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்கு அடியில் ஒரு முக்காலி வையுங்கள். குந்தி உட்காரும்போது மலக்குடலும் ஆசனவாயும் நேராவது போல அப்போதும் ஓரளவு நேராகும்.

கீரை, வாழைத்தண்டு, கொய்யா, அவரை வகைகளை மெல்ல மெல்லக் கூட்டலாம். ஆனால் வாயிலில் பழுது இருப்பவருக்கு நார்ச்சத்தைக் கூட்டக் கூட்ட உப்புசம்தான் மிகும். அவருக்குத் தேவை, அந்தத் தசைகளைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சி. அதற்கு முன் ஆசனவாய் அழுத்தத்தை அளக்கும் சோதனையும் பலூனை வெளித்தள்ளும் சோதனையும் செய்வார்கள். குடல்நோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்பதில் உண்மை குறைவு, நீர்ச்சத்துக் குறைந்தவருக்கு மட்டுமே அது உதவும்.

விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்குப் போவது உங்கள் வீட்டிலும் வழக்கமாக இருக்கலாம். ஒருமுறை குடல் முழுதும் காலியானால் அது மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அந்த நாட்களில் போகவில்லையே என்று பயந்து மறுபடியும் பேதி மருந்து குடிப்பவர்கள், இல்லாத நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, 'டின்னவெல்லி சென்னா' என்று ஊர்ப் பெயரோடு உலகச் சந்தைக்குப் போகும் நிலாவாரையும் நல்ல மலமிளக்கிதான், மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கலாம். எதற்காக எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மருத்துவரிடம் போகும்வரை உள்ள நாட்களுக்கு ஒரு பழைய நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: போன நேரம், மலத்தின் உருவம், முக்கினீர்களா, முழுதாகப் போன திருப்தி இருந்ததா. ரத்தம் தெரிந்த நாளில் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும். அம்மாவுக்கும் எனிமா கொடுத்த நாளிலிருந்து இதே போல ஒரு பக்கம் தொடங்குங்கள், மலமிளக்கி எத்தனை முறை கொடுத்தீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். மூன்று நாள் அந்தப் பக்கம் காலியாகவே இருந்தாலோ, மறுபடியும் தண்ணீராகக் கசியத் தொடங்கினாலோ, மருந்துக் கடைக்குப் போகாமல் அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்.